ஒன்பது மார்க்

2004 ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜீவனஹள்ளி தெரு முழுக்கச் சேறு. பீன்யாவில் கம்பெனிக்கு இரண்டு பஸ், இரண்டிலும் நின்றபடி. இடது செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்திச் சமாளிப்பு.

வேலையில் விசேஷம் ஒன்றுமில்லை. நாற்பது இரும்பு ஷாஃப்ட் அளந்தேன், ஆறு அளவு தப்பித் தள்ளுபடி.

வீட்டுக்கு வந்தால் தபால். டிப்ளமா முடித்தவர்களுக்கான நுழைவுத் தேர்வு ரேங்க். மெக்கானிக்கலில் 318. கவரைத் திருப்பிப் பார்த்தேன், என் பெயர்தான். கௌதமி. கீழே அப்பா பெயர். எல்லாம் சரி. இந்த ரேங்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்கும், நேராக இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங்.

அம்மா: "முன்னூத்திப் பதினெட்டுன்னா நல்லதா, கெட்டதா?"

கார்மெண்ட்ஸில் காலர் தைப்பவள். முன்னூறு எல்லாம் அவளுக்கு மத்தியானத்துக்குள் முடிகிற எண். ரொம்ப நல்லதும்மா, ஆயிரக்கணக்கில் எழுதினார்கள் என்றேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி என் வாயில் போட்டாள். அப்பா வந்ததும் அவருக்கும் ஒரு பிடி. அவர் கார்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கள்ள நோட்டு பார்க்கிற மாதிரி என்று கிண்டல் செய்தேன்.

ஜூன் 25 வெள்ளி, மல்லேஸ்வரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. கொண்டு போக வேண்டியவை:
ரேங்க் கார்டு – இருக்கிறது
மார்க் கார்டு ஆறு செமஸ்டர் – இருக்கிறது
டி.சி. – இருக்கிறது
ஏழு வருஷம் கர்நாடகத்தில் படித்த சான்று – இருக்கிறது
போட்டோ – எடுக்க வேண்டும், போன தடவை எடுத்ததில் திருடி மாதிரி இருக்கிறேன்
ஜாதிச் சான்றிதழ் – இல்லை

ஜூன் 8, செவ்வாய்

காலையில் சீக்கிரம் விழிப்பு. பேப்பர் பேனா எடுத்துக் கணக்கு.

கடைசி வருஷ மார்க் மட்டும்தான் எடுப்பார்கள். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் சேர்த்து 1400. என்னுடையது 621. அதாவது 44.36.

பொதுப் பிரிவுக்கு 45 வேண்டும். 630. ஒன்பது மார்க் குறைவு.

எஸ்.சி.க்கு 40 போதும். நாங்கள் ஆதி திராவிடர். அப்படியானால் தகுதி உண்டு. ஆனால் அதை நான் சொன்னால் போதாது, ஜாதிச் சான்றிதழ் சொல்ல வேண்டும். (இனி ஜா.சா. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) ஏப்ரலிலேயே தாலூகா ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் "ஃபைல் மேலே இருக்கு." மேலே என்றால் மாடியா, அலமாரியா, ஆகாயமா, தெரியாது.

அந்த ஒன்பது மார்க் எங்கே போனது:

ஹைட்ராலிக்ஸ். நானே கெடுத்தது. யார் மேலும் பழியில்லை.

மெஷின் டிசைன் இன்டர்னல். 25க்கு 9. லெக்சரர் போர்டில் கியர் படத்தைத் தப்பாகப் போட்டார். எழுந்து நின்று தப்பு என்றேன். மறுநாள் அவரே திருத்திப் போட்டார், எனக்கு 9 போட்டார். வாயை மூடியிருந்தால் 20 வந்திருக்கும். மூடியிருக்க மாட்டேன், அதுவும் தெரியும்.

பஸ்ஸில் சசியிடம் சொன்னேன். சசி டிப்ளமாவில் என் வகுப்பு, இப்போது வேலையிலும் ஒரே மேஜை. மல்லேஸ்வரத்துப் பெண். அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், நான்கு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. அவளுக்கு 61 சதவீதம், ரேங்க் 902.

"உனக்கென்னடி, நாப்பது போதுமே" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. பீன்யா வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, வியாழன்

அரை நாள் லீவு. தாலூகா ஆபீஸ். வெயில்.

ஃபைல் கீழே வந்துவிட்டது. குமாஸ்தா ஒருவர், எப்போதும் பேனா மூடியை மென்றுகொண்டே பேசுபவர். பெயர் தெரியாது, பேனாமூடி என்றே வைத்துக்கொள்கிறேன். கன்னடத்தில் பேசினார். என் டி.சி.யை மேஜைமேல் திருப்பி வைத்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"மதம், பௌத்தம். சரி. ஜாதி? பாரு. கோடு போட்டிருக்கு. கோட்டுக்கு எப்படிம்மா நான் சர்டிபிகேட் குடுக்கிறது?"

பின்னால் நின்றவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதனாலேயே கோபம் இரட்டிப்பானது.

"ஸ்கூல்ல போட்ட கோடு சார். நாங்க ஆதி திராவிடர்தான்."

"அப்படியே இருந்தாலும் பௌத்தம்னா எஸ்.சி. கிடையாது. இந்துவா இருந்தாத்தான்."

"யார் சொன்னது?"

"ரூல்."

"எந்த ரூல் சார்? காட்டுங்க."

"நாளே பா." நாளைக்கு வா.

நான் நகரவில்லை. கொஞ்சம் இரங்கினார் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பாவை ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லு. நாங்க இந்து, ஸ்கூல்ல தப்பா எழுதிட்டோம்னு. நோட்டரி கையெழுத்து. ரெண்டே நாள்ல நானே முடிச்சுக் குடுக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 11, வெள்ளி

அப்பா ரெசிடென்ஸி ரோட்டில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டர். ஏழு மாடி, பத்தொன்பது வருஷம். ஏழு மணிக்கு வந்து கால் கழுவினார். துண்டை எடுக்கும் முன்பே ஆரம்பித்தேன்.

"எதுக்குப்பா கோடு போட்ட?"

"எங்க?"

"ஸ்கூல்ல. ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கச்சொல்ல. ஜாதின்ற எடத்துல."

யோசிக்கவே இல்லை. நேற்று நடந்தது போலச் சொன்னார். "எச்.எம். அம்மா ரெண்டு வாட்டி கேட்டாங்க. நாங்க புத்தர்கிட்ட வந்துட்டோம், இனிமே அது எதுக்கும்மான்னேன். காலியா வுடக்கூடாதுன்னாங்க. சரின்னு அவுங்க பேனாவையே வாங்கி நானே ஒரு கோடு போட்டேன்."

குரலில் பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்கு ஏறியது.

"அந்தக் கோட்டுக்கு வெலை ஒம்போது மார்க்பா! எனக்கு!"

அம்மா இடையில் புகுந்தாள். "அந்த ஆளு சொல்ற மாதிரி எழுதிக் குடுத்துட்டா இன்னா? ஒரு காகிதத்துல இந்துன்னு எழுதினா ஊட்ல இருக்கற புத்தர் எழுந்து பூடுவாரா?"

"எழுத மாட்டேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

நான் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். "நீ காலம் பூரா லிப்ட்ல ஏறி எறங்கினு இருப்ப. நானும் அப்படியே இருக்கணுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

ஜூன் 12, சனி

அப்பா என்னோடு பேசவில்லை. நானும்.

போட்டோ எடுத்தேன். இதிலும் திருடிதான்.

ஜூன் 13, ஞாயிறு

நீலசந்திரா. சித்தப்பா வீடு. அப்பாவுக்கு ஒரே தம்பி. அவரிடம் ஜா.சா. இருக்கிறது என்று அம்மா ரகசியமாகச் சொல்லி அனுப்பினாள்.

சித்தி பிரியாணி. சித்தப்பா பீரோவுக்குள் தலையை விட்டுத் தேடி, துணிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரோடு எடுத்தார். ஆதி திராவிடர், பட்டியல் சாதி, தாசில்தார் கையெழுத்து, வட்ட சீல். கூடப் பிறந்த அண்ணன் மகள் நான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"மதம்ன்ற எடத்துல நான் இந்துன்னுதான் எழுதினேன்மா. உங்கப்பன் புத்தர்கிட்ட போனான், நான் ரேஷன் கடைக்குப் போனேன்" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் சங்கடப்பட்டு, "ஆனா அவன் தைரியம் எனக்கு இல்ல. அதுவும் நெசந்தான்."

வைசாக பௌர்ணமிக்கு விகாரைக்கு முதலில் போய் நிற்பதும் இதே சித்தப்பாதான். நான் கேட்கவில்லை. பிரியாணி இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 15, செவ்வாய்

வேலையில் சண்டை. நான் தள்ளிய ஷாஃப்ட் ஒன்றை சூப்பர்வைசர் தூக்கிக்கொண்டு வந்தார். அளவு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு அதிகம். "ஸ்வல்பதானே, விட்டுடேன்" என்றார். விடவில்லை. சிவப்பு மை.

அப்போது சசி கேட்டாள்: "நீ மட்டும் நூத்துல ரெண்டுக்கு ஷாஃப்டைத் தள்ற. உன்னை ஒன்பது மார்க்குக்குத் தள்ளினா ஏன் குதிக்கிற?"

நல்ல கேள்வி. மதியம் முழுக்க அதே யோசனை. என் பதில் இது. 45ஐ 44 ஆக்கு என்று நான் கேட்கவில்லை. எல்லை எல்லைதான். ஆனால் 40ம் அதே புத்தகத்தில் அதே பக்கத்தில் அச்சடித்த எல்லை. எனக்கு எது பொருந்துமோ அதை வைத்து என்னை அள. அளந்து நான் குறைந்தால் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போகிறேன்.

சசியிடம் இதைச் சொன்னேன். "மத்ததெல்லாம் நம்பறேன். வாயைத் திறக்காம போவேன்னு சொன்னதை மட்டும் நம்ப முடியல" என்றாள்.

ஜூன் 16, புதன்

மத்தியானத்துக்கு மேல் லீவு. கப்பன் பார்க் நூலகம். சட்டப் புத்தகப் பிரிவில் ஒரு கிழிந்த தொகுப்பு. தேடித் தேடிக் கண் எரிச்சல். கிடைத்தது.

பட்டியல் சாதி ஆணையில் முதலில் இந்து மட்டும். பிறகு சீக்கியர் சேர்ப்பு. பிறகு பௌத்தர் சேர்ப்பு. பௌத்தரைச் சேர்த்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்திருப்பேன். அதாவது இத்தனை வருஷமாகச் சட்டம் என் பக்கம், அது பேனாமூடிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை.

நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. மேஜையில் குத்தினேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

ஜெராக்ஸ் மூன்று காப்பி.

ஜூன் 17, வியாழன்

தா.ஆபீஸ். பேனாமூடியிடம் சித்தப்பாவின் ஜா.சா. காப்பி, சட்டக் காப்பி இரண்டும்.

முதலாவதைப் பார்த்து, "அவர் இந்து. நீ பௌத்தம்." இரண்டாவதை வாங்கவே இல்லை. "இதெல்லாம் டெல்லி பேப்பர்."

"பெங்களூர் டெல்லிக்குக் கீழதானே சார் வருது?"

"ஏ, ரொம்பப் பேசற."

"சரி. பேசல. தர முடியாதுன்னா, தர முடியாதுன்னு எழுதிக் குடுங்க. என்ன காரணம்னும் எழுதுங்க. வாங்கிட்டுப் போயிடறேன்."

பேனா மூடி வாயிலிருந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்தார்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"ஏன் சார்?"

"எழுதினா நான் பதில் சொல்லணும் இல்ல?"

அந்த ஆபீஸில் இதுவரை கேட்ட முதல் உண்மை.

ஜூன் 18, வெள்ளி

தாசில்தாரைப் பார்க்கப் போனேன். கேம்ப் போயிருக்கிறார். திங்கள்கிழமை வருவாராம்.

சசி: "அப்பா எழுதிக் குடுத்தா என்ன கௌதமி? நீங்க மாற வேண்டாம். காகிதம் மாறினா போதும்."

"உன் பேரைக் காகிதத்துல மட்டும் பாத்திமான்னு மாத்திக்கறியா? ஒரு சீட்டுக்காக?"

யோசித்தாள். "அம்மா அழுவா."

"எங்கப்பா அழ மாட்டார். அவ்ளோதான் வித்தியாசம்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள். அதில் ஞாயிறு ஒன்று. சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு வாய் பேசுகிறேனே, சீட் போய்விட்டால் என்ன செய்வேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஷாஃப்ட் அளந்துகொண்டே இருப்பேன். சூப்பர்வைசராகக்கூட ஆக முடியாது, அதற்கும் டிகிரி வேண்டும்.

ஜூன் 21, திங்கள்

லீவு போட்டதற்கு சூப்பர்வைசர் முறைப்பு.

காலை பத்து மணியிலிருந்து தாசில்தார் அறை வாசலில். பெஞ்சில் ஆறு பேர். நிலத் தகராறு, விதவைப் பென்ஷன், இன்னும் என்னென்னவோ. பென்ஷன் அம்மாவுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். அவர் எனக்கு வெற்றிலை தந்தார். எச்சிலை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கினேன்.

மூன்று மணிக்கு உள்ளே. தாசில்தார் புதியவர், வயது குறைவு. சட்டக் காப்பியை முழுதாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இதை யாரும் இங்க கொண்டு வந்ததே இல்லையேம்மா."

"நான் கொண்டு வந்திருக்கேன் சார்."

மனுவின்மேல் பச்சை மையில் ஏதோ எழுதினார். புதன்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினேன். ஊக்கு குத்திய செருப்போடு.

அப்பாவிடம் சொன்னேன். பத்து நாளில் முதல் பேச்சு. "அப்படியா" என்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. வேறு ஏதோ.

ஜூன் 23, புதன்

ஜா.சா. கையில்! பேனாமூடியே சிரித்துக்கொண்டு கொடுத்தார். கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் படித்தேன். பெயர் சரி. அப்பா பெயர் சரி. ஆதி திராவிடர், சரி. மதம்: இந்து.

தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடினேன். பேனாமூடி ஃபைலைத் திறந்து காட்டினார். ஸ்டாம்ப் பேப்பர். "நாங்கள் இந்துக்கள். பள்ளியில் தவறுதலாக எழுதிவிட்டோம்." நோட்டரி சீல். கீழே அப்பா கையெழுத்து. போன சனிக்கிழமை தேதி.

"உங்கப்பா ரொம்ப நல்லவரும்மா. அரை நாள் இங்கேயே உக்காந்திருந்தார்" என்றார்.

நடந்தே வந்தேன் பாதி தூரம். ஏன் என்று தெரியவில்லை.

அப்பா வந்தார். கால் கழுவினார். இன்றைக்கு அவர் துண்டால் துடைக்கும்வரை காத்திருந்தேன்.

"யாரைக் கேட்டுப் போட்ட கையெழுத்து?"

"நான் போட்ட கோடு. நான்தானே சரி பண்ணணும்."

"தப்பா எழுதிட்டோம்னு எழுதிக் குடுத்துக்கற. தப்பாவா எழுதின?"

துண்டைக் கொடியில் போட்டார்.

"சொல்லுப்பா. தப்பா?"

"இல்ல" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா நீ சொன்னது சரிதானே. நான் ஏறி எறங்கினுதான் இருந்தேன். நீயாச்சும் போ."

அம்மா: "அவுரு மனசார பண்ணிட்டாரு. வுடு. நாளன்னிக்கு எடுத்துனு போ, சீட்டு வாங்கு, படி. ஊட்ல யாரு யாரைக் கும்பிட்டா எவனுக்கு இன்னா?"

அம்மா சொல்வதில் தப்பே இல்லை. காகிதம் கையில் இருக்கிறது. சீல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீட்டினால் முடிந்தது. என் ரேங்க், என் சீட்.

அழுதேன். சோகத்தில் இல்லை, கோபத்தில். அப்பாமேல் இல்லை. எனக்காக அவரை ஒரு பொய் எழுத வைத்துவிட்டேன். அவர்கள் கேட்டது ஒரு தடவை, நான் திட்டியது ஒரு தடவை, இரண்டும் சேர்ந்து.

"நாளைக்கு லீவு போடுப்பா" என்றேன். "என்கூட வா."

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்க."

அம்மா கரண்டியைப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 24, வியாழன்

மேகமூட்டம். அப்பா வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை, ஆனால் சண்டை இல்லை.

பேனாமூடி தலையில் கை வைத்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? நாளைக்கு வெரிஃபிகேஷன் வச்சுக்கிட்டு!"

நேரே தாசில்தார் அறை. அப்பா உள்ளே போனதும் செருப்பைக் கழற்றப் பார்த்தார், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாக வரும். லிப்டில் எல்லோரிடமும் பேசிப் பழக்கம்.

"சார், நான் எழுதிக் குடுத்தது பொய். நாங்க பௌத்தர்தான். பொண்ணு படிப்புக்காக எழுதிட்டேன். அதை எனக்குத் திருப்பிக் குடுங்க."

"பொய் அஃபிடவிட் குற்றம். தெரியுமா?"

"தெரியும் சார்." நேராக நின்றார். இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

தாசில்தார் பேனாமூடியைக் கூப்பிட்டார். "நான் பச்சை மையில என்ன எழுதினேன்? சட்டப்படி குடுன்னு எழுதினேன். அஃபிடவிட் வாங்கச் சொல்லி யார் சொன்னது?"

பேனாமூடி: "வழக்கமா சார்…"

"எத்தனை பேருக்கு வழக்கமா?"

எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் நின்றுவிட்டது. எத்தனை பேர் இந்த மேஜைக்கு முன்னால் தாங்கள் யார் என்பதை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்?

பௌத்தம் என்றே புதிதாக அடித்துத் தரச் சொன்னார் தாசில்தார். ஆனால் காகிதம் உடனே வரவில்லை. டைப் அடிப்பவர் சாப்பாட்டுக்கு. பிறகு கரண்ட் இல்லை. பிறகு வட்ட சீல் பூட்டிய டிராயரில், சாவி வேறு யாரிடமோ. நானும் அப்பாவும் பெஞ்சில். நான்கு மணி ஆனது. கையில் இருந்த நல்ல காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், உலகத்திலேயே பெரிய முட்டாள் நான்தான் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன்.

"நாம ரெண்டு பேரும்" என்றார்.

ஐந்தே கால். வந்தது. மதம்: பௌத்தம். ஜாதி: ஆதி திராவிடர். அப்பா வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். எனக்குத் தரவே இல்லை, வீடு வரும்வரை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ கூத்து" என்றாள். பாயசம் வைத்தாள்.

ஜூன் 25, வெள்ளி

மல்லேஸ்வரம். எட்டரைக்கே வரிசை. சசியும் வந்திருந்தாள், அவள் முறை மதியம்தான், சும்மா எனக்காக வந்தாளாம். செருப்பு வேறு வாங்கிக்கொடுத்தாள், என் அளவுக்கு ஒன்று பெரியது. போட்டுக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு என் டோக்கன். மேஜைக்குப் பின்னால் ஒரு மேடம், பக்கத்தில் பதிவேட்டோடு இன்னொருவர். அப்பா எனக்குப் பின்னால் நின்றார், பெற்றோர் உட்கார நாற்காலி இல்லை. மேடம் எல்லாக் காகிதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஜா.சா. வந்தது. என் கால் விரல்கள் செருப்புக்குள் இறுகின.

"பௌத்தமா? இதுல எஸ்.சி. உண்டா?"

சட்டக் காப்பியை நீட்டினேன். கடைசிக் காப்பி. படித்தார். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினார். அவர் தோளைக் குலுக்கி, "இருக்கு மேடம்" என்றார்.

மேடம் கால்குலேட்டரைத் தட்டினார். அறைக்கே கேட்கும்படி, "நாற்பத்து நாலு புள்ளி மூணு ஆறு." பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கன்னடத்தில், எனக்குப் புரியாது என்று நினைத்தோ, புரிந்தால் என்ன என்று நினைத்தோ: "கேட்டகிரி இருந்தா போதும், மார்க் எதுக்கு?"

அப்பாவின் கை என் நாற்காலி முதுகைப் பிடித்தது. சும்மா இரு என்பதா, விடாதே என்பதா, தெரியவில்லை. நான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன்.

"மேடம், மார்க் கம்மிதான். ஹைட்ராலிக்ஸ் சரியா எழுதல. அது என் தப்பு. ஆனா மார்க்கைச் சத்தமாப் படிச்சீங்க இல்ல, ரேங்க்கையும் அதே மாதிரி படிங்க." கன்னடத்தில் சொன்னேன்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுக்கு?"

"ரெண்டும் என்னுதுதான் மேடம்."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ரேங்க் கார்டை எடுத்தார்.

"முன்னூத்திப் பதினெட்டு" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பிறகு வேறு குரலில், "எந்த பாலிடெக்னிக்?"

சொன்னேன். தலையாட்டினார். பதிவேட்டில் எழுதி, முத்திரையை எடுத்து, என் படிவத்தில் குத்தினார். தகுதி உண்டு. படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.

"இருக்கட்டும்மா, செல்லும்" என்றார்.

"நேரா குத்துங்க மேடம்" என்றேன்.

குத்தினார்.